ஒரே பெஞ்சில் நான்கு தமிழ்

மன்னார்குடிப் பக்கத்து மண்ணில் வளர்ந்த எவருக்கும், நம் வகுப்பின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேர் நான்கு விதமாகத் தமிழ் பேசினோம் என்பது வியப்பாக இராது. அக்ரகாரத்து நண்பன் 'வந்துண்டிருக்கேன்' என்பான். குடியானத் தெருவிலிருந்து வந்த நான் 'வந்துக்கிட்டிருக்கேன்' என்பேன். கூத்தாநல்லூரிலிருந்து பேருந்தில் வந்தவன் வீட்டில் குழம்புக்கு 'ஆணம்' என்று பெயர், காலையில் சாப்பிடுவது 'பசியாறுவது'. காலனியிலிருந்து வந்தவன் வகுப்பில் வாயே திறக்க மாட்டான். ஒரு வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் ஊரையும் தெருவையும் சாதியையும் சொல்லிவிடக்கூடியவர்கள் நம் ஊர்களில் அன்று நிறைய இருந்தார்கள். அவர்களில் சிலர் நம் வகுப்பிலேயே இருந்தார்கள்.

இந்த வகுப்புக்குத்தான் தமிழையா நன்னூலைக் கொண்டுவந்தார். நூற்பாவை ஒப்பிக்காதவனுக்குப் பிரம்பும் உண்டு. சிறப்பு மலருக்கு எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைப்பானேன்? நன்னூலை எழுதிய பவணந்தியார் சொல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரித்து, மக்கள் சிதைத்துப் பேசும் மரூஉவையும், முன்பின் மாற்றிப் பேசும் இலக்கணப்போலியையும் பிழை என்று தள்ளாமல் இயல்பு வழக்கின்கீழ் சேர்த்திருக்கிறார் என்பதை ஐயா திரும்பத் திரும்பச் சொல்வார். தஞ்சாவூர் தஞ்சையானதும் கோயம்புத்தூர் கோவையானதும் மரூஉ. நாங்கள் தினமும் தாண்டி வந்த வாய்க்கால், கால்வாய் என்பது முன்பின்னாக மாறிய இலக்கணப்போலி. இலக்கணம் என்றால் தேர்வுக்காக நெட்டுருப் போடுவது என்று எண்ணியிருந்த எங்களுக்கு, அது எங்கள் வாயிலிருந்து வருவதையும் கவனித்து எழுதப்பட்டது என்ற செய்தி புதிதாக இருந்தது.

ஒருநாள் அவர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிறபடியே சொற்களைச் சொல்லச் சொன்னார். இலை எலையாகவும், விறகு வெறகாகவும், உரல் ஒரலாகவும், குடம் கொடமாகவும், புகை பொகையாகவும் கரும்பலகையில் ஏறின. பிறகு மறுபக்கத்தில் திண்ணை, குப்பை, சுண்டல், மிச்சம் ஆகியவற்றை எழுதி, இவற்றை யாராவது மாற்றிச் சொல்வீர்களா என்று கேட்டார். 'தெண்ணை' என்றோ 'கொப்பை' என்றோ எந்தத் தெருவிலும் யாரும் சொல்வதில்லை. ஏன் என்று எங்களையே கண்டுபிடிக்க விட்டார். நெடுநேரம் முட்டி மோதிய பிறகு விடை பிடிபட்டது: அடுத்த எழுத்து அகரமோ ஐகாரமோ ஏறியதாக இருந்து, இடையில் ஒரே ஒரு மெய் இருந்தால்தான் முதலில் உள்ள இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் மாறுகின்றன, இடையில் இரட்டித்தோ இணைந்தோ இரண்டு மெய் நின்றால் மாறுவதில்லை. குறுவை குறுவையாகவே இருப்பதற்குக் காரணம், அங்கே அடுத்து வருவது உகரம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத எங்கள் பாட்டிமார் இந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. அக்ரகாரத்திலும் எலைதான், காலனியிலும் எலைதான்.

'வந்துண்டு', 'வந்துக்கிட்டு' என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்த எங்களுக்கு, இரண்டும் 'வந்துகொண்டு' என்ற ஒன்றிலிருந்தே வந்தவை என்று எழுதிக் காட்டியதும் அவர்தான். கேலி அன்றோடு நின்றுவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். கேலி செய்தவனுக்குத் திருப்பிச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது என்பது மட்டும் உண்மை.

இதனால் அவர் பேச்சு வழக்கைக் கட்டுரையில் அனுமதித்தார் என்று எண்ணிவிடக் கூடாது. 'எலை' என்று எழுதியவன் தாளில் சிவப்பு மை வட்டமிடும். அந்தக் கண்டிப்பின் பயனை நான் முழுமையாக உணர்ந்தது விண்ணப்பம் எழுதும் பயிற்சியில்தான். காலனியிலிருந்து வந்த நண்பன், தன் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டி ஊராட்சித் தலைவருக்கு எழுதிய விண்ணப்பத்தை ஐயா வகுப்பில் உரக்கப் படித்தார். அவனுடைய தகப்பனார் மிராசுதார் வாசலில் நின்றால் 'ஆண்டே' (எசமானே) என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தாளிலோ 'ஐயா' என்ற பொதுவான விளியும், 'எங்கள் தெருவிற்கு அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற நிமிர்ந்த வாக்கியமும் இருந்தன. எழுதியவன் எந்தத் தெரு என்பதை அந்த நடையிலிருந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. எழுத்துத் தமிழ் மேட்டுக்குடியினரின் சொத்து, ஏழைப் பிள்ளைகளுக்கு அது வீண் சுமை என்று வாதிடுவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. பேச்சைத் தாழ்வாக எண்ண வைக்காமலே இலக்கணத்தைக் கற்பிக்க முடியும். இலக்கணத்தை மறுத்தால் நட்டப்படுபவன் ஏழைவீட்டுப் பிள்ளை.

மரியாதைச் சொல்லைப் பற்றியும் அவருக்கு ஒரு பாடம் இருந்தது. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல்லே, இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியம் சொல்கிறது. நாங்கள் வளர்ந்த ஊர்களில் அறுபது வயது நடவுக் கூலிக்காரரைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்பதும், அவர் அவனை 'வாங்க' என்பதும் நடைமுறை. இதை இலக்கணம் விதிக்கவில்லை, நாம்தான் வழக்காக்கினோம், நாம் நினைத்தால் மாற்றலாம் என்று ஐயா சொன்னார். அவ்வாறே, வகுப்பு வாசலில் வந்து நின்ற எந்தத் தெருப் பெற்றோரையும் 'வாங்க, உட்காருங்க' என்றுதான் அழைத்தார்; அது ஊரில் சிலருக்குப் பிடிக்கவும் இல்லை.

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், மலேசியாவைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவர் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டபோது, கூத்தாநல்லூர் நண்பன் வீட்டு வாசலில் நிற்பது போலிருந்தது. இங்குள்ள பள்ளிகளில் 2005-ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பில் இடம் தரப்பட்டிருக்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு அது தேவை என்பதே என் கருத்து. நம் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில் எந்தத் தமிழைக் கற்பிப்பது என்ற வாக்குவாதம் ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் எழுகிறது. என் யோசனை இது: முதல் மாதத்தில் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு, வீட்டுச் சொற்களைப் பட்டியலிட்டு வரட்டும், எலைக்கும் திண்ணைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டாம் மாதம் விண்ணப்பம் எழுதப் பழகட்டும். சிவப்பு மைப் பேனாவை நான் வாங்கித் தருகிறேன். பிரம்பு வேண்டாம்.