கந்தளாய்த் தண்ணீர் தம்பலகாமம் போகும் வழி

திருகோணமலைக்கு வருகிற பலர் கந்தளாய்க் குளக்கட்டில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குளம் அழகுதான். ஆனால் உண்மையில் பார்க்க வேண்டியது கட்டுக்கு இந்தப் பக்கம், துருசில், அதாவது தண்ணீரைத் திறந்துவிடும் மதகில் இருந்து இறங்கி ஓடுகிற வாய்க்காலை. அதன் கரையைப் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தம்பலகாமம் வரை போனேன்.

குளத்தைக் கட்டியது குளக்கோட்டன் என்ற மன்னன் என்று கோணேசர் கல்வெட்டு என்கிற பழைய நூல் சொல்கிறது, எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகூட அதைத்தான் சொல்லும். சிங்கள வரலாற்று நூல்களோ 7ஆம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கின்றன. யார் கட்டியிருந்தாலும் பெரிய வேலை குளத்துக்கு வெளியே, மேலேதான் நடந்திருக்கிறது. மாத்தளை மலைப்பக்கத்தில் இருந்து வரும் அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து, மின்னேரியாக் குளம் வரை கால்வாய் வெட்டி, பிறகு அந்தத் தண்ணீரைக் கந்தளாய்க்கும் நீட்டியிருக்கிறார்கள். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது, நிலத்தின் சரிவு மட்டும்தான். 1976இல் கண்டிக்குக் கிட்ட பொல்கொல்லையில் மகாவலி ஆற்றைத் திருப்பிய பிறகு அந்த ஆற்றுத் தண்ணீரும் அம்பன் கங்கையோடு சேர்ந்துகொண்டது.

குளம் பாதுகாப்பானது என்று எப்போதும் நினைத்துவிட முடியாது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கட்டு உடைந்து 100க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது நாம் நடக்கிற கட்டு அதற்குப் பிறகு சீராக்கப்பட்டது.

சரி, வாய்க்காலுக்கு வருவோம். பெரிய வாய்க்காலில் இருந்து கிளை, கிளையில் இருந்து வயலுக்கு ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். தம்பலகாமத்துக்குக் கிட்ட ஒரு ஐயா மண்வெட்டியால் சேற்றையும் வைக்கோலையும் சேர்த்து அமுக்கி ஒரு வெட்டை அடைத்துவிட்டு, நாலடி தள்ளி இன்னொன்றைத் திறந்தார். தண்ணீர் முதலில் வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போனது, அப்புறம் மெல்ல மேலே வந்து வரம்பைத் தொட்டது.

“தம்பி, குளத்தில துருசைத் திறந்த உடன எங்களுக்கு வராது, மேல உள்ளவங்கட வயல் நிறைஞ்சாத்தான் இங்க வரும்” என்றார். எங்கட பக்கத்து விவசாயத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. எந்தத் தேதியில் தண்ணீர் விடுவது, எத்தனை ஏக்கர் செய்வது என்று போகத்துக்கு முன் கூட்டம் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அங்கே கடைசி வாய்க்கால்காரரின் குரல் எடுபடவில்லை என்றால் அவருடைய கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். புதுக் குளம் கட்டுவதற்கு முன் இந்தக் கடைசி வாய்க்கால்களைத் தூர்வாருவதற்குக் காசு ஒதுக்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் சிறுபோகத்தில், மழை குறைந்து குளத்துத் தண்ணீரை நம்பி நெல் செய்கிற காலத்தில் போங்கள். பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழையே வயலை நிரப்பிவிடும், வாய்க்கால் படும் பாடு தெரியாது.