அம்மா கால்ல இருக்கிற ஒம்பது ஸ்குரு

ஐப்பசி மழையில கொழுந்து நிறுக்க இறங்கி வரும்போது அம்மா கானுக்குள்ள, அதான் தண்ணி ஓடுற வாய்க்காலுக்குள்ள, கால விட்டுட்டாங்க. வலது கணுக்கால், ரெண்டு பக்கமும் முறிவு. லயத்துல, தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, எல்லாரும் முறிவு நெறிவு வைத்தியர்கிட்ட எண்ண போட்டு கட்டலாம்னு சொன்னாங்க, ஆனா பாதம் ஒரு பக்கமா திரும்பி கெடந்துச்சு, அத பாத்ததும் எனக்கு மனசு கேக்கல, த்ரீவீல் புடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிட்டேன். வீக்கம் வடியட்டும்னு சில நாள் வச்சிருந்து தான் ஆபரேஷன் செஞ்சாங்க.

நான் தேயிலை ஃபேக்டரில ஃபிட்டர். எக்ஸ்ரேய வெளிச்சத்துல புடிச்சு பாத்தப்ப முதல்ல ஸ்குருவ தான் எண்ணுனேன். வெளிப்பக்க எலும்புல ஆறு ஓட்டை தகடு, அதுல ஆறு, குறுக்கால தனியா ஒன்னு, உள்பக்கம் நீட்டமா ரெண்டு. ஸ்குருவ சுத்தி வர்ற மரை எல்லாம் ஒரே மாதிரி இல்ல. ஏன்னு வார்டுல இருந்த சின்ன டொக்டர்கிட்ட கேட்டேன், அவர் பொறுமையா பேப்பர்ல படம் போட்டு சொன்னார். எலும்போட வெளி ஓடு கெட்டி, அதுக்கு நெருக்கமான மரை. முனைப்பக்கம் உள்ளுக்குள்ள பஞ்சு மாதிரி இருக்கும், அங்க அகலமான ஆழமான மரை தான் புடிக்கும். இரும்புக்கு ஒரு மரை, மரத்துக்கு ஒரு மரைன்னு நாங்க பாக்குறோமே, அதே தான்.

அந்த குறுக்கு ஸ்குரு தான் எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு. ரெண்டு பலகைய ஒன்னா இறுக்கணும்னா மேல் பலகையில ஓட்டைய கொஞ்சம் பெருசா போடுவோம், மரை அங்க புடிக்காம அடிப்பலகையில மட்டும் புடிச்சு இழுக்கும், ரெண்டும் ஒட்டிக்கும். எலும்புலயும் 3.5 மில்லி ஸ்குருவுக்கு கிட்ட இருக்கிற பக்கம் 3.5 ஓட்டை, அந்த பக்கம் 2.5 ஓட்டை. முறுக்க முறுக்க முறிஞ்ச ரெண்டு துண்டும் இடைவெளி இல்லாம சேரும். உள்பக்க ரெண்டு ஸ்குருவுக்கும் நுனியில மட்டும் தான் மரை, மிச்சம் வழுவழுன்னு இருக்கும், அதுவும் இதே வேலைக்குத்தான்.

உள்ள துருப்புடிக்காதாடான்னு அம்மா கேட்டாங்க. பெரும்பாலும் போடுறது 316எல்ங்கிற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லாட்டி டைட்டேனியம். ரத்தம் உப்புல்ல, அத தாங்கத்தான் அந்த ஸ்டீல்ல குரோமியத்தோட மொலிப்டினமும் சேக்குறாங்க. வலி, தொந்தரவு இல்லன்னா காலத்துக்கும் உள்ளயே இருக்கலாம். கழட்டுனாலும் அந்த ஓட்டைங்க தூந்து வர மாசக்கணக்காகும், அது வரைக்கும் அந்த எடம் பலவீனம் தான், கவனமா இருக்கணும்.

இத நான் எழுதுறதுக்கு காரணமே வேற. ஏழாவது வாரமே அம்மா மலைக்கு கொழுந்து பறிக்க போறேன்னு நின்னாங்க. உள்ள இரும்பு இருக்குல்ல, இனி என்ன ஆகும்னு கேக்குறாங்க. பேரு, அதான் அன்னைக்கு வேலைக்கு வந்த கணக்கு, போனா சம்பளம் போகும், அவங்க கஷ்டம் எனக்கு தெரியும். ஆனா இரும்பு எலும்ப ஒட்ட வைக்காதுங்க, எலும்பு தானா வளந்து சேருற வரைக்கும் அசையாம புடிச்சிட்டு நிக்கும், அவ்வளவு தான். ஃபேக்டரில ஷாஃப்ட் முறியிறது ஒரே நாள் பாரத்துல இல்ல, கம்பிய மடக்கி மடக்கி நிமித்துனா ஒடையிற மாதிரி சுத்தி சுத்தி களைச்சுப்போய் தான் முறியும். எலும்பு சேராம பாரம் ஏத்திக்கிட்டே இருந்தா தகடும் அப்படித்தான் ஒரு நாள் முறியும், இல்ல ஸ்குரு எளகும். எலும்பு முந்தணும், இரும்பு களைக்கிறதுக்குள்ள. இத அம்மாவுக்கு ஒரு கம்பிய மடக்கியே காட்டுனேன், அப்புறம் தான் உக்காந்தாங்க. உங்க வீட்டுல யாருக்காச்சும் இப்படி தகடு வச்சிருந்தா கிளினிக்ல சொல்றதுக்கு முன்னாடி கால ஊன விடாதீங்க, தயவுசெஞ்சு.

பன்னெண்டாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேல அந்த முறிவு கோடு மங்கிருச்சு. இப்ப கம்பு ஊனி லய வாசல் வரைக்கும் நடக்குறாங்க, பனி நேரத்துல மட்டும் உள்ள ஜில்லுன்னு இருக்குதாம். அந்த கானுக்கு மேல பலகை போட சொல்லி தோட்டத்துல கேட்டு ரெண்டு மாசமாச்சு, ஒன்னும் நடக்கல. பலகை வாங்கி வச்சிட்டேன், இந்த ஞாயித்துக்கிழமை நானே போடுறேன்.