நெசவாளர் முத்ரா கடன்: வைகாசியில் கேட்டது, கார்த்திகையில் கைக்கு வந்தது

நேற்று மதியம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தபோது குறுஞ்செய்தி வந்தது. என் கடன் கணக்கில் 20,000 ரூபாய் வரவு. அரசு தர வேண்டிய மார்ஜின் மணி, அதாவது கடன் வாங்குகிறவர் போட வேண்டிய பங்குக்குப் பதிலாக அரசு போடும் பணம். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதற்காக ஆறு மாதம் அலைந்திருக்கிறேன். என்னைப் போலக் கூலிக்கு நெய்கிறவர்கள் யாராவது இந்தக் கடனுக்குப் போவதாக இருந்தால், நான் எங்கெல்லாம் சிக்கினேன் என்று தெரிந்துகொண்டு போகட்டும்.

நாங்கள் காஞ்சிபுரம் பக்கம். வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். சங்கத்தில் உறுப்பினர் இல்லை. முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார், நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். தங்கமும் வெள்ளியும் ஏறும்போதெல்லாம் ஜரிகை விலையும் ஏறுகிறது. சேலை தேங்கினால் முதலாளி அடுத்த பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், தருவதைத் தள்ளிப் போடுகிறார். போன வருடம் ஒரு தறி ஏழு வாரம் பாவு இல்லாமல் கிடந்தது. அதே நேரம் கடைவீதியில் விசைத்தறிச் சேலையைக் 'காஞ்சிப் பட்டு மாதிரியே' என்று சொல்லி விற்கிறார்கள். சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கி ஒரு பாவாவது போட்டால் தறி சும்மா கிடக்காது என்றுதான் நெசவாளர் முத்ரா என்ற கைத்தறி நெசவாளர்களுக்கான வங்கிக் கடனில் ஒரு லட்சம் ரூபாய் கேட்கப் போனேன்.

திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வட்டி 6 சதவீதம். வங்கியின் வட்டி அதற்கு மேல் போனால் 7 சதவீதம் வரை வித்தியாசத்தை மத்திய அரசு வங்கிக்குக் கொடுத்துவிடுகிறது, மூன்று வருடத்துக்கு. கடன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, மார்ஜின் மணியாக அரசே போடுகிறது. அடமானம் வேண்டாம். இதையெல்லாம் எங்கள் ஊரில் நடந்த முகாமில் கைத்தறி அலுவலர் விளக்கமாகவே சொன்னார். விண்ணப்பம் அங்கேயே நிரப்பினோம், பரிந்துரை ஒரு வாரத்தில் வந்துவிட்டது. துறைப் பக்கம் தொல்லை ஒன்றும் இல்லை.

தொல்லை வங்கியில் ஆரம்பித்தது. முதல் நாளே அங்கிருந்த எழுத்தர் என் நெசவாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல துணைத் தொழிலாளின்னு இருக்கு. நெசவாளர் கடன் உனக்கு எப்படித் தர்றது?" என்றார். அதுவரை நான் அந்த வரியைக் கவனித்ததே இல்லை. 2019-20-இல் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நடந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் தறியில் இருந்த அவரை நெசவாளர் என்று எழுதிக்கொண்டார்கள். நான் அப்போது தார் சுற்றிக்கொண்டிருந்தேன், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். என்னைத் துணைத் தொழிலாளி என்று எழுதிவிட்டார்கள். அதை வைத்துத்தான் அட்டை வந்தது. கல்யாணமாகி வந்த மறுவருடத்திலிருந்து நெய்கிறேன். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வை வேலையும் செய்கிறேன். தார் சுற்றுவது அதற்கு மேல் செய்கிற வேலை. அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சத்துக்கு மேல் கைத்தறித் தொழிலாளர்கள், அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். என்னைப் போல எத்தனை பேருடைய அட்டையில் இப்படி இருக்கிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: வங்கிக்குப் போகும் முன் உங்கள் அட்டையில் எந்தத் தொழில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, ஆதாரில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரர் பெயரில் கேட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். அவர் பெயரில் ஏற்கெனவே வேறொரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு, நெய்கிறவள் நான், என் பெயரில் ஏன் கூடாது?

எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது தப்பு. கையில் திருப்பிக் கொடுத்தால், வாங்கியதற்கும் ஆதாரம் இல்லை, மறுத்ததற்கும் ஆதாரம் இல்லை. காரணத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவை போனபோது அதைத்தான் செய்தேன்.

கைத்தறி அலுவலரிடம் போய்ச் சொன்னேன். அட்டையில் திருத்தம் செய்ய நாளாகும், அதுவரைக்கும் தறியைப் பார்த்துச் சான்று தருகிறேன் என்றார். சொன்னபடி நான்காம் நாள் ஆள் வந்தார்கள். நான் தறியில் உட்கார்ந்து நெய்வதைப் படம் எடுத்தார்கள், முதலாளியிடம் கூலிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். கூலிப் புத்தகத்தில் என் பெயரும் இருந்ததால் பிழைத்தேன். பல வீடுகளில் கூலி ஆம்பளை பெயரில் மட்டும்தான் எழுதப்படுகிறது. பெண்கள் உங்கள் பெயரிலும் எழுதச் சொல்லி இன்றைக்கே முதலாளியிடம் கேளுங்கள். சங்கத்தில் இல்லாதவர்களுக்கு, நெய்கிறோம் என்று காட்டுவதற்கு வேறு ஒன்றுமே இல்லை.

இதற்கு நடுவில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்கிறோம் என்று அரசிடம் பதிவது. அது இலவசம், அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்துச் செய்துவிடலாம். எனக்குத் தெரியாமல் கணினி மையத்தில் 600 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பையன் அவசரத்தில் உற்பத்தி என்பதற்குப் பதிலாகச் சேவை என்று போட்டுவிட்டான். அதைத் திருத்த இன்னொரு நாள் போனது, ஒரு நாள் கூலியும் போனது.

ஆடி கடைசியில் சான்றுடன் மறுபடி வங்கிக்குப் போனேன். இப்போது எழுத்தர் வீட்டுப் பத்திரம் கேட்டார், ஜாமீன்தாரர் கேட்டார். முத்ரா கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாதே சார் என்றேன். "நீ எனக்குச் சட்டம் சொல்றியா?" என்றார். அப்படியானால் பத்திரம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், கைத்தறி ஆபீஸில் காட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "உங்கள் பங்கு 20,000 கட்டினால்தான் கடன்" என்றார்கள். முகூர்த்த மாதம் தொடங்கப்போகிற அவசரம் எனக்கு. இரண்டு வளையலை அடகு வைத்துப் பணத்தைத் தயார் செய்துவிட்டேன். கட்டுவதற்கு முதல் நாள் ராத்திரி எதற்கும் கேட்டுவிடலாம் என்று கைத்தறி அலுவலருக்குப் போன் போட்டேன். "கட்டாதீங்கம்மா, அந்தப் பணத்தைத்தான் அரசாங்கம் தருது" என்றார். மறுநாள் வங்கியில் அதைச் சொன்னேன். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஆவணி முடியும்போது ஒரு லட்சம் கணக்கில் வந்தது. அந்த முகூர்த்தத்துக்கு நெய்து விற்கும் காலம் போய்விட்டது. இருந்தாலும் பணம் வந்துவிட்டதே என்று இருந்தேன்.

புரட்டாசியில் பாஸ்புக்கில் வரவு பதிந்து பார்த்தால் ஒரு மாத வட்டி 875 ரூபாய். ஆறு சதவீதம் என்றால் 500 தானே வர வேண்டும்? மகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது பத்தரை சதவீதம்" என்றாள். கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்குக் கொடுத்தது சிறு தொழில் செய்கிற எவருக்கும் தரும் சாதாரண முத்ரா கடன். நெசவாளர் திட்டத்தின் கீழ் என் பெயரை ஏற்றவே இல்லை. 20,000-ஐ அப்புறம் ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. நெசவாளர்களுக்கான வட்டி மானியத்தையும் மார்ஜின் மணியையும் வங்கிதான் அதற்கென்று உள்ள இணையதளத்தில் பதிந்து கேட்டு வாங்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் இருக்க, சுலபமான வழியில் கடனைப் போட்டுவிட்டார்கள்.

முத்ரா என்ற பெயர் இரண்டுக்கும் பொது. அனுமதிக் கடிதத்தில் 'நெசவாளர்' என்ற சொல் இருக்கிறதா, வட்டி 6 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எனக்குத் தந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல அன்றைக்குத் தோன்றவில்லை.

மூன்று முறை வங்கிக்குப் போனேன். மேலாளர் மாறிவிட்டார், கணினி வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வா. ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மனு ஒரே பக்கம். கைத்தறித் துறையின் பரிந்துரை நகல், தறியைப் பார்த்துத் தந்த சான்று, அனுமதிக் கடிதம், வட்டி பிடித்த பாஸ்புக் பக்கம், இந்த நான்கையும் இணைத்தேன். மனு எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்கினேன். அங்கேயே மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும், அதாவது மாவட்டத்து வங்கிகளின் கடன் திட்டங்களை ஒருங்கிணைக்கிறவரையும், பார்க்கச் சொன்னார்கள். அவர் பாஸ்புக் பக்கத்தைப் பார்த்துவிட்டு, என் எதிரிலேயே கிளைக்குப் போன் செய்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன்.

பதினோராம் நாள் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கை நெசவாளர் திட்டத்துக்கு மாற்றி, கூடுதலாகப் பிடித்த வட்டியைத் திருப்பி வரவு வைத்தார்கள். புது மேலாளர், "உட்காருங்கம்மா" என்று நாற்காலி காட்டினார். இதே திட்டத்தில் கடன் வாங்கிய மற்றவர்களின் கணக்கையும் பார்க்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி பத்தரை பிடித்திருக்கிறார்கள். அவர்கள் பாஸ்புக்கை இந்த வாரம் நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

வளையலுக்கு நான் கட்டிய அடகு வட்டியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. போகட்டும்.

சொந்தப் பாவு தறியில் ஏறிவிட்டது. மூன்று சேலை, மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. தை முகூர்த்தத்துக்குள் முதல் இரண்டையாவது இறக்கிவிடுவேன். அட்டைத் திருத்தம்தான் இன்னும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பித்த ரசீது, கூலிப் புத்தகம், ஆதார் மூன்றையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.