குந்தியிருந்த ஆயா

"எங்க ஆயா அமராது மிஸ், குந்தும்" என்று அந்தப் பெண் சொன்னபோது என் கையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. "எழுத்துல அப்படி வராதும்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அன்று எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். தமிழாசிரியர்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டு மறந்துபோகும் வாக்கியம் அது. நானும் மறந்திருக்க வேண்டும், மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையை வாசிப்புக்கென்று கேட்டு வாங்கியவள் நான். பீரோவில் பூட்டிக் கிடந்த புத்தகங்களை வெளியே எடுத்து, ஜனவரியில் நந்தனத்துப் புத்தகக் காட்சியில் என் கைக்காசில் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன் பரப்பி வைத்தேன். கதைச் சுருக்கம் எழுதச் சொல்லவில்லை. சுருக்கம் கேட்டால் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். படித்ததில் எது உங்கள் வீட்டை நினைவுபடுத்தியதோ அதை அரைப் பக்கம் எழுதுங்கள், அது போதும் என்றேன். காசிமேட்டு மீனவர் குப்பத்திலிருந்து வரும் அந்தப் பெண், ஒரு கிழவியைப் பற்றிய சிறுகதையைப் படித்துவிட்டுத் தன் ஆயாவைப் பற்றி எழுதியிருந்தாள். அதில் ஒரு வரி: "கொண்டலு ஏறிச்சின்னா ஆயா வானத்தயே பாத்துக்கினு குந்தியிருக்கும்."

ஆண்டு மலருக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். தேர்ந்தெடுத்தபின் திருத்தினேன். "கடற்காற்று வலுத்தால் பாட்டி வானத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்" என்று அது அச்சாயிற்று. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத வாக்கியம். அவள் எழுதியதில் இருந்த காற்று அதில் இல்லை, ஆயாவும் இல்லை என்பது மலர் கைக்கு வந்து பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பொதுத்தேர்வு விடைத்தாளில் "பாத்துக்கினு" என்று எழுதினால் திருத்துபவர் வட்டமிட்டு மதிப்பெண் குறைப்பார். பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றும் பயிற்சி பாடநூலிலேயே இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நானும் பெரம்பூரில் வளர்ந்தவள். கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப் போன முதல் வாரத்தில் "இட்டுக்கினு வந்தாங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசக் கற்றுக்கொண்டேன். அந்தச் சிரிப்பு என் பிள்ளைகள் மேல் விழக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை ஆண்டுகளாகச் சிவப்பு மையைச் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்துத் தமிழ் அவர்களுக்கு ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்து விடுவதுதான் என் வேலை. இதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பெண் கதவைத் திறக்கச் சொல்லி என்னிடம் வரவில்லை. தன் ஆயா எப்படி உட்காருவார் என்பதைத்தான் சொல்ல வந்தாள். குந்துதல் என்பது உட்காருவதற்கு இன்னொரு பெயர் என்று நான் அலட்சியமாக எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பார்த்தேன். குந்துதல் அதில் முறையாக இடம்பெற்றிருக்கிறது: கால்களை மடித்து, குதிகால்மேல் உடலை நிறுத்தி இருத்தல். கடலுக்குப் போனவர்கள் திரும்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி அப்படித்தான் இருப்பாள், எந்த நிமிடமும் எழுந்து ஓடக்கூடியவளாக. அமர்ந்திருப்பவர் எழுந்து ஓடுவதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் "குத்துக்காலிட்டு" என்றாவது போட்டிருக்கலாம்; அந்த அளவு யோசனைகூட அன்று எனக்கு இல்லை.

"இருக்கும்" என்பதை "இருப்பார்" ஆக்கியதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஆயா வரும், அம்மா சொல்லும் என்பது இந்த ஊர் வீடுகளின் பேச்சு. அதில் மரியாதைக் குறைவு கிடையாது, நெருக்கம்தான் உண்டு. என் பாட்டியைப் பற்றி என் வீட்டில் நானும் அப்படித்தான் பேசினேன். நான் போட்ட "ஆர்" விகுதி அந்த ஆயாவுக்கு மரியாதை சேர்த்ததா, அல்லது பேத்தியிடமிருந்து அவரை நாலடி தள்ளி வைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

"எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே" என்ற நன்னூல் நூற்பாவை எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். உயர்ந்தோர் என்றால் கற்றறிந்தோர் என்றே விளக்கம் சொல்லி வந்தேன். காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசும்போது கற்றறிந்தவர் யார்? கரையில் குந்தியிருந்து காற்றின் திசையைச் சொல்லும் கிழவியா, பெரம்பூரில் மாடி வீட்டில் இருக்கும் நானா? தொல்காப்பியப் பாயிரம் "வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்" என்று, மக்கள் வழக்கைச் செய்யுளுக்கு முன்னால் வைத்துத்தான் சொல்கிறது. இவ்வளவும் தெரிந்திருந்தும், திருத்துகிற கை இவற்றில் ஒன்றையும் நினைக்கவில்லை. அதே சமயம், இந்த நூற்பாக்களைக் காட்டி விடைத்தாளில் மதிப்பெண் வாங்கித் தர என்னால் முடியாது என்பதும் உண்மை.

என்னை அதிகமாக உறுத்துவது அடுத்த ஆண்டு நடந்ததுதான். பத்தாம் வகுப்புப் பாடநூலில், காற்று தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த உரைநடைப் பாடம் ஒன்று உண்டு. கிழக்கிலிருந்து வீசினால் கொண்டல், மேற்கிலிருந்து வீசினால் கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். இந்த நான்கையும் பிள்ளைகளுக்குப் பலமுறை நடத்தியவள்தான் நான். அப்படியிருந்தும், அதே சொல் ஓர் உகரம் சேர்ந்து "கொண்டலு" என்று ஒரு பிள்ளையின் கையெழுத்தில் வந்தபோது, அது கொச்சை என்று அடித்துவிட்டேன். புத்தகத்தில் இருந்தால் இலக்கியம், நோட்டில் இருந்தால் பிழை என்று என் கை பழகியிருந்திருக்கிறது. அன்று பாடத்தை வாசித்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லில் என் குரல் நின்றது. இரண்டாவது பெஞ்சில் அவள் இருந்தாள். குனிந்து புத்தகத்தில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சொல்லைப் போன வருஷமே இவள் எழுதினாள், நான்தான் தப்பாகத் திருத்திவிட்டேன்" என்று வகுப்பறையில் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லவில்லை. குப்பத்துப் பிள்ளை என்று மற்றவர்கள் முன் அவளைச் சுட்டிக்காட்டியதாக ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் சும்மா இருந்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பயம் அவளுக்காக மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டால், ஆம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் தமிழ் மிஸ் தவறு செய்தார் என்று ஆவதை நான் விரும்பவில்லை என்பதும் அதில் இருந்தது. குரலைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

என் திருத்தத்தால் அவள் வாசிப்பதை விட்டுவிட்டாள் என்று சொன்னால் இந்தக் கணக்கு எளிதாக முடிந்துவிடும், அப்படி நடக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் புத்தகம் எடுத்துப் போனாள், முன்னைவிட அதிகமாகவே எடுத்தாள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன நாளில், குழந்தைகள் பகுதியிலிருந்து அவளைக் கிளப்பிக்கொண்டு வரப் பெரும்பாடு பட்டேன். பத்தாம் வகுப்பில் தமிழில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அவள் கட்டுரைகளில் பிறகு நான் ஒரு சொல்லையும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. மரம் வளர்ப்பதைப் பற்றியும் நூலகத்தின் பயனைப் பற்றியும் தெளிவாக எழுதினாள். ஆயா மட்டும் அந்தக் கட்டுரைகளுக்குள் திரும்ப வரவில்லை. அது என்னால்தானா, வயது ஏற ஏறப் பிள்ளைகள் வீட்டைப் பற்றி எழுதக் கூச்சப்படுவதாலா, எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டதும் இல்லை.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற ஒன்றை வைத்தார். அந்த விதியை வாசிப்பு வேளையின் முதல் நாள் ஓர் அட்டையில் எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். அந்தப் பெண்ணுக்குரிய நூல் என்றால், "குந்தும்" என்ற சொல் அடிபடாமல் அச்சில் இருக்கும் நூல் ஒன்றாவது அவள் கைக்குப் போயிருக்க வேண்டும். அரைப் பக்கம் அவளே எழுதிக் கொடுத்தாள். அதை வாங்கி நான் வேறொன்றாக்கி அச்சுக்கு அனுப்பினேன்.

இந்த ஆண்டு வாசிப்பு நோட்டில் இடப்பக்கத்தை வீட்டுப் பேச்சுக்கென்று விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மை படாது என்று வாக்கும் கொடுத்திருக்கிறேன். வலப்பக்கம் எழுத்துத் தமிழுக்கு. "எந்தப் பக்கத்துக்கு மிஸ் மார்க்கு?" என்று முதல் நாளே ஒரு பையன் கேட்டான். வலப்பக்கத்துக்கு என்று உண்மையைச் சொன்னேன். நோட்டுகள் திருத்த வந்திருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றில் இடப்பக்கம் வெறுமையாக இருக்கிறது.