சில்லு

கோபன்ஹேகனுக்கு வந்த மூன்றாம் மாதம், டேனிஷ் மொழி வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து தம் ஊர்ப்பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. நான் தரங்கம்பாடி என்றேன். ஆசிரியைக்கு விளங்கவில்லை. டிராங்கெபார் என்று மாற்றிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, "ஆகா, எங்களுடைய டிராங்கெபார்!" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்த "எங்களுடைய" என்ற சொல் வீடு வந்து சேரும்வரை முள்ளாக உறுத்தியது. கடல் பாதி விழுங்கியும் மீதி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் எழுந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் டேனியர் இடம் கேட்டு வாங்கியது 1620இல்தான். கோட்டை கட்டி வாணிபம் செய்தவர்கள் 1845இல் எங்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். விற்கும்போது ஊராரை ஒரு வார்த்தை கேட்டதாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளோடு துறைமுகக் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, கரீபியத் தீவுச் சரக்குகளை வைத்த பழைய மேற்கிந்தியக் கிடங்கின் முன்னால், ஏழு மீட்டர் உயரச் சிலையாக ஒரு கறுப்பினப் பெண் பெரிய பிரம்பு நாற்காலியில் வெறுங்காலோடு அமர்ந்திருப்பதைக் கண்டோம். ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் கரும்பு வெட்டும் கத்தி. "அம்மா, அப்பாயி மாதிரியே உட்கார்ந்திருக்காங்க" என்றாள் மகள். உண்மைதான். திண்ணையில் தன் நாற்காலியைப் போட்டுத் தெருவையே ஆண்டுகொண்டிருந்த என் மாமியாரின் அதே நிமிர்வு.

சர்க்கரையையும் ரம்மையும் சேமித்து வைத்த அக்கிடங்கில் இன்று ஐரோப்பியச் சிற்பங்களின் சுண்ண வார்ப்புகள் இருக்கின்றன. வெளியே மைக்கலாஞ்சலோவின் தாவீது வெண்கல நகலாக நிற்கிறான். அவனுக்கு அருகே வந்து அமர்ந்தவள் 'ராணி மேரி'. கரீபியக் கடலில் டென்மார்க் ஆண்ட செயின்ட் குரோய் தீவில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் அதற்கு மறுவருடமே வந்த கூலிச் சட்டம், உழைத்தவர்களை ஆண்டு ஒப்பந்தத்தால் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. அதை எதிர்த்து 1878 அக்டோபரில் எழுந்த கலகத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் மேரி தாமஸ். அவரைக் கொண்டுவந்து சிறை வைத்ததும் இதே கோபன்ஹேகனில்தான். செயின்ட் குரோய் உள்ளிட்ட அந்தத் தீவுகளை டென்மார்க் 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. எங்கள் ஊரைப் போலவே அவர்களுடைய ஊரும் கைமாறிய ஊர்.

இச்சிலையை உருவாக்கியவர்கள், டென்மார்க்கின் ஜனெட் ஏலர்ஸும் செயின்ட் குரோயின் லா வான் பெல்லும். தங்கள் இருவர் உடல்களையும் முப்பரிமாண ஸ்கேன் செய்து, கணினியில் ஒன்றாகக் கலந்து, அந்த உருவத்தையே மேரிக்குக் கொடுத்தார்கள். இரு கரைகளில் வாழும் இரண்டு பெண்கள் ஒரே உடலானார்கள். பீடத்தில் பதித்த பவளக் கற்களோ, அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் இறங்கி வெட்டியெடுத்தவை. செயின்ட் குரோயின் பழங்கட்டடங்களின் அடித்தளத்திலிருந்து அவை வந்து சேர்ந்திருந்தன. புதிய தொழில்நுட்பம் இதைவிட நேர்மையாகப் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

பெல்லின் ஓவியங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் தீட்டுவது பீங்கான் துண்டுகளை. செயின்ட் குரோயில் மழை பெய்து மண் கரைந்ததும் காலனிய காலத்துத் தட்டு, கோப்பைகளின் உடைசல்கள் மேலே வருமாம். பிள்ளைகள் அவற்றை வட்டமாகத் தேய்த்துக் காசாக வைத்து விளையாடியதால், பீங்கானைக் குறிக்கும் 'சைனா'வும் காசைக் குறிக்கும் 'மனி'யும் சேர்ந்து அவற்றுக்குச் 'சேனி' என்று பெயர். தரங்கம்பாடிக் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் நீலக்கோடு போட்ட பீங்கானை நாங்களும் பொறுக்கினோம். கருங்கல்லில் விளிம்பைத் தேய்த்து, விரல் அறுபடாத பதம் வந்ததும் பாண்டி ஆடச் சில்லாக்கிக்கொண்டோம். வழுவழுப்பான பக்கம் மேலே இருந்தால்தான் அது கட்டத்துக்குள் நிற்கும். சோழமண்டலக் கரையில் நெய்த துணி டேனியக் கப்பல்களில் ஏறி, மேற்கு ஆப்பிரிக்கக் கோட்டைகளில் மனிதர்களை வாங்கும் பண்டமாக இறங்கியது என்பதைப் பள்ளியில் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. எங்கள் தறிகளுக்கும் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கும் நடுவே ஓடிய கப்பல்களைப் பற்றி, என் கையிலிருந்த சில்லும் மூச்சு விட்டதில்லை.

எனக்குள்ள பெரிய மனக்குறை ஒன்று உண்டு. கரீபியத் தீவுகளை டென்மார்க் விற்றதன் நூற்றாண்டான 2017இல், அத்தீவுகளைப் பற்றிய சுமார் 50 லட்சம் ஆவணப் பக்கங்களை டேனிய தேசிய ஆவணக்காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தது. பெரிய பணிதான். ஆனால் அவற்றில் பெரும்பகுதி டேனிஷில், கொக்கி கொக்கியான பழைய கையெழுத்தில் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் செயின்ட் குரோய்ப் பேத்தி தன் பூட்டியின் பெயரை அதில் எப்படித் தேடுவாள்? மொழி வகுப்பில் தேறிய துணிவில் நானும் ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். நான்கு வரி கூட நகரவில்லை. பெட்டியைத் திறந்து வைத்தவர்கள் அதைப் படிக்கவும் வழிசெய்து தர வேண்டும்.

இப்போது இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. குளிர்காலத்தில் மாலை நான்குக்குள் கவியும் இருட்டும், மழையில் சைக்கிள் மிதிப்பதும் உறைப்பதில்லை. ஆனால் துறைமுகத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தால், கோட்டைச் சுவரோரம் கருவாடு காயும் வாசனையை மூக்கு தானாகத் தேடத் தொடங்கிவிடுகிறது.

நுரைப்பொருளால் ஆன மேரியின் சிலை 2020 டிசம்பர்ப் புயலில் சிதைந்துபோனது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வசந்தத்தில், மோர்மிளகாய்ப் பொட்டலத்துக்குள் அம்மா சுற்றி அனுப்பிய நான்கு சில்லுகளை எடுத்துக்கொண்டு மகளோடு கிடங்கின் முன்னால் போய் நின்றேன். அவள் சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் போட்டாள். நீலக்கோட்டுச் சில்லை முத்தமிட்டு எறிந்தாள். மூன்றாம் கட்டத்தில் அது கோட்டின்மேல் விழுந்தது. "அவுட்டு! இப்ப நீங்கம்மா" என்று சில்லை எடுத்து என் கையில் கொடுத்தாள்.