மெட்ஸ் தோற்ற மைதானத்தில் மிச்சமிருக்கும் படிக்கட்டு

நியூயார்க்கில் ஐந்து நாள் இருந்தேன். சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுதப்போவதில்லை, அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மன்ஹாட்டனின் வடக்கே ஒரு பழைய படிக்கட்டு இருக்கிறது. பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் ஆகியும் மனசு அங்கேயே நிற்கிறது.

செலவு விவரம், போகும் வழி எல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். முதலில் விமான நிலைய டாக்ஸி. கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸிக்கு 70 டாலர் என்று நிலையான கட்டணம் உண்டு, சுங்கமும் டிப்ஸும் தனி. இது தெரியாமல், வெளியே வந்ததும் பெட்டியைப் பிடித்து இழுத்த ஒருவரின் காரில் ஏறிவிட்டேன். 140 டாலர் வாங்கிவிட்டார். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு! வரிசையில் நின்று மஞ்சள் டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள். இல்லையென்றால் ரயிலில் போங்கள்.

சரி, படிக்கட்டு. சி ரயிலில் 155-ஆம் தெருவில் இறங்கி, எட்ஜ்கோம்ப் அவென்யூவுக்கு நடந்தால் மேட்டின் விளிம்பு வருகிறது. அங்கிருந்து கீழே இறங்குகிறது ஜான் டி. பிரஷ் படிக்கட்டு. நடுவில் ஒரு தளத்தில், இதை நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி அளித்தது என்று பதித்திருக்கிறார்கள். 1913-இல் கட்டியது. கீழே போலோ கிரவுண்ட்ஸ் என்ற பேஸ்பால் மைதானம் இருந்தது. இன்று அந்த இடத்தில் நான்கு பெரிய அடுக்குமாடிக் கட்டடங்கள். மைதானத்தில் மிச்சம் என்று சொல்ல இந்தப் படிகள்தான்.

1962-இல் மெட்ஸ் என்ற புத்தம்புது அணி தன் முதல் பருவத்தை ஆடியது இங்கேதான். நகரத்தில் இருந்த டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் இரண்டும் 1957-உடன் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டன. நான்கு வருடம் நேஷனல் லீக் (அமெரிக்காவின் இரண்டு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்று) அணியே இல்லாமல் இருந்த ஊருக்கு மெட்ஸ் வந்தது. டாட்ஜர்ஸின் நீலத்தையும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சையும் சேர்த்துத்தான் அணியின் நிறத்தையே வைத்தார்கள். ஆட்டக்காரர்களோ, மற்ற அணிகள் தங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பட்டியலிலிருந்து 18 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த 22 பேர். பணம் வாங்கிக்கொண்டு கழித்துக்கட்டியவர்களைக் கொடுத்தது அநியாயம் என்றுதான் சொல்வேன்.

முதல் ஒன்பது ஆட்டமும் தோல்வி. மொத்தம் 40 வெற்றி, 120 தோல்வி. இதைவிட அதிகத் தோல்வி, 1900-க்குப் பிந்தைய நவீன காலக் கணக்கில், 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 தோற்கும் வரை எந்த அணிக்கும் இல்லை. பேஸ்பாலில் பந்தை அடித்தவர் பேஸ் என்ற நிறுத்தங்களை வரிசையாக மிதித்துக்கொண்டே ஓட வேண்டும், சுற்றி முடித்தால் ஒரு ரன். 1962 ஜூன் 17-ஆம் தேதி இதே மைதானத்தில் மெட்ஸின் மார்வ் த்ரோன்பெர்ரி பந்தை ஓங்கி அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடினார். முதல் பேஸை மிதிக்கவில்லை என்று அவுட் கொடுத்தார்கள். அணியை நடத்தும் மேனேஜர் கேசி ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்ப, இரண்டாவதையும்தான் மிதிக்கவில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். அடுத்து வந்தவர் ஹோம் ரன் அடித்தார், அதாவது அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் எல்லாரும் சுற்றி வந்து ரன் எடுக்கிற அடி. த்ரோன்பெர்ரி மூன்றாவது பேஸில் நின்றிருந்தால் இன்னும் ஒரு ரன் வந்திருக்கும். ஆட்டம் 8-7 என்று கைவிட்டுப் போனது. படியில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது.

இந்த அணியை ஜனங்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கத்தான் வந்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வருடம் வந்தவர்கள் 9,22,530 பேர். இதே மைதானத்தில் ஜயன்ட்ஸ் ஆடிய கடைசி வருடம் ஆறரை லட்சம்தான். பழைய டாட்ஜர்ஸ் விருந்தாளியாக வந்த மே 30 அன்று மட்டும் 55,704 பேர். போனவர்களைப் பார்க்க வந்த கூட்டமும் அதில் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப் படுக்கை விரிப்பில் வாசகம் எழுதி எடுத்துவந்து, தோற்கிற அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவன் சிரிக்க வந்தவன் இல்லை. அவனுக்குத் தன் ஊருக்கென்று ஓர் அணி வேண்டும்.

மாலையில் 7-ஆம் எண் ரயிலில் குயின்ஸ் போய் மெட்ஸின் இப்போதைய மைதானமான சிட்டி ஃபீல்டில் ஓர் ஆட்டம் பார்த்தேன். டிக்கெட்டைவிட உள்ளே சாப்பாடுதான் கொள்ளை, ஒரு பீர் விலைக்கு வெளியே வயிறார சாப்பிடலாம். ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். 1964-இல் மெட்ஸ் குடிபோன ஷே மைதானம் அங்கேதான் இருந்தது, பேஸ்கள் இருந்த இடங்களைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பேஸ் மேல் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 1962-இல் மெட்ஸின் முதல் ஹோம் ரனை அடித்த கில் ஹாட்ஜஸ், 1969-இல் மேனேஜராக இந்த ஷே மைதானத்தில்தான் உலகத் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஏழே வருடத்தில்!

அப்புறம் சாப்பாடு. அதே ரயிலில் அடுத்த நிறுத்தம் ஃப்ளஷிங். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பவுன் தெருவில் பிள்ளையார் கோயில், அடித்தளத்தில் கேன்டீன். மறுநாள் மதியம் போனேன். தோசை முறுகலாக, ஓரம் மட்டும் கொஞ்சம் கருகி, நடுவில் நெய் மினுக்க வந்தது. ஐந்து நாளில் கணக்குப் பார்க்காமல் சாப்பிட்டது அங்கே மட்டும்தான். பக்கத்து மேசையில் பாட்டியோடு வந்த ஒரு பையன், தலையில் மெட்ஸ் தொப்பி. நேற்று தோற்றுவிட்டார்களே என்றேன். "இன்னைக்கு ராத்திரி இன்னொரு மேட்ச் இருக்கு அங்கிள்" என்றான்.