பெயர்த்தகடு போன பள்ளி பஸ்: பாடி கட்டியது யார்?

பழைய பள்ளி பஸ் ஒன்றின் பாடி எண், அதாவது கூண்டைக் கட்டியவர்கள் தகட்டில் அடித்த எண், கிடைத்துவிட்டது. நாலு இலக்கம், சந்தேகமில்லாமல் படிக்க முடிகிறது. கட்டிய கம்பெனியின் பெயர்தான் இன்னும் கிடைத்தபாடில்லை.

வண்டி: 157 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) கொண்ட ஃபோர்டு ஏஏ டிரக் சேஸிஸ், அதன் மேல் மரச்சட்டத்தில் தகடு அடித்த பாடி. ஒஹாயோ, இண்டியானா எல்லையோரப் பண்ணையில் சாமான் கொட்டகையாக நின்றது. பதிவுத் தாளில் ‘ஃபோர்டு’ என்று இருக்கிறதே, அப்புறம் என்ன தேடல் என்று கேட்பவர்களுக்கு: ஃபோர்டு கொடுத்தது சேஸிஸும் எஞ்சினும். பாடி வேறு கை. தாள்கள் எப்போதும் சேஸிஸைத்தான் பேசும்.

வீல்பேஸை மட்டும் அளந்து ‘ஏஏ’ என்று முடிவு கட்டாதீர்கள். அடுத்து வந்த பிபி டிரக்குக்கும் அதே 131.5, 157 அங்குலம்தான். எஞ்சின் எண்ணும் உதவாது, பாதி வண்டிகளில் எஞ்சின் மாறியிருக்கும். இடது ஃபிரேம் ரெயிலின் மேல்பக்கம் அடித்த எண்ணைத்தான் நம்பலாம். அது பாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். மிதிபலகையைக் கழற்றிவிட்டு, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் படிக்க வேண்டும். இதில் 1930 வருகிறது.

பாடியும் அதே வயதா என்பது தனிக் கேள்வி. நல்ல பாடியைப் புதிய சேஸிஸுக்கு மாற்றி ஓட்டுவது அன்று சகஜம். பாடியின் அடிச்சட்டத்தில், அதைச் சேஸிஸோடு கட்டும் யு-போல்ட் பிடித்த இடங்களைப் பார்த்தோம்: ஒரே ஒரு வரிசைத் தடம், உபரித் துளை கிடையாது, கட்டை நசுங்கிய அகலமும் ரெயிலோடு பொருந்துகிறது. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒற்றைக் கோடு தலை. ஃபிலிப்ஸ் தலை (கூட்டல் குறி போன்ற பள்ளம்) கார்த் தொழிலுக்குள் வந்ததே 1936 காடிலாக்கில்தான். இதில் பின் கதவுக் கீலில் மட்டும் இரண்டு ஃபிலிப்ஸ் இருக்கின்றன, அது பிற்காலப் பழுதுபார்ப்பு. தரையில் இருக்கை போல்ட் துளைகள் பக்கச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஓடுகின்றன. குறுக்கு இருக்கை போட்ட தடமே இல்லை, அதுவும் பழைய பாணிதான்.

ஆக பாடியும் 1930 வாக்கில். இங்கிருந்து கழித்துக்கொண்டே போகலாம். ஆர்கன்சாவின் வார்டு 1933-ல் தொடங்கியது. நார்த் கரோலைனாவின் தாமஸ் முதலில் டிராம் கட்டிய கம்பெனி, 1936-ல்தான் பள்ளி பஸ்ஸுக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் கில்லிக் பள்ளி பஸ்ஸில் இறங்கியது 1932-ல். ஜார்ஜியாவின் புளூ பேர்டு 1927-லேயே ஆரம்பித்தாலும் அவர்கள் பெருமையே இரும்புச் சட்டம்தான். முதல் வண்டி இன்றும் டியர்போர்ன் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மிச்சம்: ரிச்மண்டில் வெய்ன், மிட்செலில் கார்பென்டர், லெபனானில் ஹிக்ஸ், யூனியன் சிட்டி பாடி கம்பெனி, எல்லைக்கு அந்தப் பக்கம் லைமாவில் சுப்பீரியர். முதல் நான்கும் இண்டியானா. இதோடு பெயர் பதிவாகாத உள்ளூர் வண்டிப்பட்டறைகள். அந்தப் பக்கத்தில் எந்தப் பழைய பாடியைக் காட்டினாலும் ‘வெய்ன்’ என்பார்கள். 1892-லிருந்து குதிரை வண்டி காலத்துப் பள்ளி வண்டி கட்டியவர்கள், பெயர் நிற்கத்தான் செய்யும். அது ஆதாரமாகிவிடாது.

இனி தகடு. காற்றுக்கண்ணாடிக்கு மேலே உள்பக்கக் குறுக்குச் சட்டத்தில் நாலு சிறு துளைகள், செவ்வகமாக. தகட்டை யாரோ பிடுங்கிவிட்டார்கள். ஆனால் மெல்லிய பித்தளைத் தகட்டில் எண்ணை அச்சுளியால் அடித்தால் பின்பக்கம் புடைக்கும். அந்தப் புடைப்பு அடியிலுள்ள பெயின்டில் பள்ளமாகப் பதியும். முன்னிருந்து பார்த்தால் நேராகவே படிக்கலாம், கண்ணாடி பிம்பமாகத் திரும்பாது. தகடு போன பிறகு அடித்த சாம்பல் பெயின்ட் அந்தப் பள்ளங்களை நிரப்பி மூடியிருந்தது.

பெயின்ட் ரிமூவர் பக்கமே போகக் கூடாது; பள்ளம், அடிப்பூச்சு, எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும். உப்புத்தாள்தான் வழி, அதுவும் கையால் இல்லை. விரல் பள்ளத்துக்குள் இறங்கித் தேய்க்கும். தட்டையான கெட்டிக் கட்டையில் 600 தாளைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும் இழுக்க வேண்டும். சாம்பல் மெலிந்து அடியிலுள்ள பழுப்பு தலைகாட்டியதும் 1000-க்கு மாற வேண்டும். மேடெல்லாம் பழுப்பாகி, பள்ளங்களில் மட்டும் சாம்பல் தங்கி எண் தானாகத் தெரியும். அதற்கு மேல் நாலு இழுப்பு கூட இழுத்தால் பள்ளத்தின் அடியே போய்விடும், மீட்க வழியில்லை. நனைப்பதற்குத் தண்ணீர் வேண்டாம். துளை வழியே மரத்தில் இறங்கி நாரை எழுப்பிவிடும். மினரல் டர்பென்டைன் போதும், காய்ந்து இறுகிய பழைய எனாமலை அது ஒன்றும் செய்யாது. உலரத் தேய்ப்பது கூடவே கூடாது, அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கிறது. துடைத்த துணியைப் பையில் கட்டித் தனியாக வையுங்கள்.

ஒன்றா ஏழா என்ற சந்தேகம் சாய்வு வெளிச்சத்தில் தீர்ந்தது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, டார்ச்சைச் சட்டத்தோடு ஒட்டினாற்போல் படுக்கவைத்து, நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். வெளிச்சம் ஓடும் திசையிலேயே கிடக்கும் கோடு மறைந்துவிடும், குறுக்கே கிடப்பது எழும்பும். பக்கவாட்டில் பிடித்தபோது ஒன்று. மேலிருந்து பிடித்ததும் தலையில் கோடு வந்தது. ஏழுதான்.

இதில் கம்பெனி பெயர் ஏன் வரவில்லை? பெயரை அமிலத்தில் அரித்தோ அச்சிட்டோ இருப்பார்கள், பின்பக்கம் புடைக்காது. அடித்த எண்ணுக்கு மட்டும்தான் இந்த வித்தை.

தகடு இன்னும் கையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அலுமினியமா பித்தளையா என்று முதலில் பாருங்கள். காஸ்டிக் சோடா கலந்த ரிமூவர் அலுமினியத்தைத் தின்றுவிடும். மெத்திலீன் குளோரைடு ரிமூவர் 2019-லிருந்து அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் விற்கத் தடை. இப்போது கிடைப்பவை மெதுவானவை, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஊறவிட்டால் வேலை நடக்கும்.

ஜன்னல் தாழ்ப்பாளில் வார்ப்பு எழுத்து இருக்கிறது என்று துள்ளவும் வேண்டாம். கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஹார்ட்வேர் கம்பெனிகளிடம் வாங்கிப் போட்டவை. ஒரே தாழ்ப்பாள் மூன்று ஊர்ப் பாடியில் இருக்கும். கண்ணாடி முத்திரையும் அப்படியே. லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு என்ற கண்ணாடிக் கம்பெனியின் பெயர் இருந்தால் 1930-க்கு முன்னால் இல்லை, அவ்வளவுதான் அது சொல்லும். கதவு இழுக்கும் லீவரின் பிராக்கெட் உலையில் காய்ச்சி அடித்துச் செய்தது. கார்பென்டரை நிறுவியவர் கொல்லர் என்பதால் சந்தேகம் அந்தப் பக்கம் போகிறது. எந்த வண்டிப்பட்டறையில் உலைக்களம் இல்லை?

பட்டறையின் கைப்பழக்கம் தெரிவது வேறு இடங்களில்: கூரை வில் (கூரையைத் தாங்கும் வளைந்த சட்டம்) பக்கத்தூணோடு சேரும் மூட்டு, கூரைப் பட்டியல்களின் இடைவெளி, பின்கூரை வளைவு எத்தனைத் துண்டு, ஜன்னலுக்குக் கீழே ஓடும் இடுப்புப் பட்டையின் குறுக்குவெட்டு. நான்கையும் வடிவத்தைப் படியெடுக்கும் புரொஃபைல் கேஜில் எடுத்து அட்டையில் வரைந்தாகிவிட்டது. ஒப்பிட, தகடு கழலாத பாடிகள் வேண்டும். அதுதான் இல்லை. ஏஏ-க்கு கேஸ்கெட்டா, பிரேக் ராடா, ஃபோர்டின் மாடல் ஏ காருக்குப் பாகம் விற்கும் கடைகளில் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. பாடிக்கு ஒரு ஆணி கிடைக்காது.

அடுத்தது வெளிப்பக்கம், அதே உப்புத்தாள். மேலே மஞ்சள். 1939-ல் கொலம்பியா பல்கலையில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு பரவிய நிறம் அது. அடியில் கரும்பச்சை தெரிகிறது. பள்ளி மாவட்டத்தின் பெயர் இருந்தால் அந்தப் பச்சை மேல்தான் இருக்க வேண்டும். மாவட்டம் தெரிந்தால் பள்ளிக் குழுவின் கணக்கேட்டைத் தேடலாம். சேஸிஸ் டீலருக்கும் பாடிக்காரருக்கும் தனித்தனியாகப் பணம் போயிருந்தால் பெயர் அங்கே இருக்கும். வண்டி ஒப்பந்த ஓட்டுநருடைய சொந்த வண்டியாக இருந்தால் அதுவும் இருக்காது. அப்போது பெஞ்சுப் பலகைகளைக் கழற்றி அடிப்பக்கம் பென்சில் குறி பார்க்க வேண்டியதுதான். கூரைத் துணி அதுவரை காத்திருக்கட்டும்.